நிறைய டேட்டா கையாளுற அப்ளிகேஷனுக்கு பைத்தான், ஜாவா, ரஸ்ட் இதுல எதை எடுக்கலாம்?

லாங்குவேஜுக்கு அப்புறம் வரலாம், முதல்ல உங்க டேட்டா ஒரு மெஷினோட ரேம்ல அடங்குமா, இல்ல டிஸ்க்லயாவது அடங்குமான்னு பாருங்க. நிறைய பேர் இதைப் பார்க்காமயே நேரா ஸ்பார்க் கிளஸ்டர்னு, அதாவது வேலையைப் பல மெஷினுக்குப் பிரிச்சு ஓட்டுறதுன்னு, இறங்கிடுறாங்க. நானும் அப்படி இறங்கினவன்தான். 40 ஜிபி சிஎஸ்வி, அதுக்கு நாலு நோடு, ஜாப் ஓடின நேரத்தை விட எக்ஸிக்யூட்டர் (ஒவ்வொரு மெஷின்லயும் வேலையை ஓட்டுற புரோசஸ்) ஏன் செத்துச்சுன்னு லாக் படிச்ச நேரம்தான் ஜாஸ்தி. கடைசில அதே ஃபைலை பார்க்கே (Parquet) ஃபார்மேட்டுக்கு மாத்தி டக்டிபில (DuckDB, ஒரே மெஷின்ல ஓடுற டேட்டாபேஸ்) ஓட்டினேன், என் லேப்டாப்லயே முடிஞ்சிடுச்சு. பெரிய வித்தையெல்லாம் இல்லங்க, பார்க்கே ஒவ்வொரு காலத்தையும் (column) தனித்தனியா அடுக்கி வைக்கும், எனக்கு வேண்டியது 60 காலத்துல 5 தான், மீதியை அது தொடவே தொடாது. சிஎஸ்வின்னா ஒவ்வொரு வரியையும் முழுசா படிச்சு கமாவைத் தேடிட்டே போகணும்.

பைத்தான் ஸ்லோன்னு சொல்றது பாதி உண்மை. நீங்க ஃபார் லூப் போட்டு வரிவரியா ஓட்டினா ஸ்லோதான், ஆனா பைத்தானோட டேட்டா லைப்ரரிகளான நம்பை, பாண்டாஸ் உள்ள ஓடுறது பெரும்பாலும் சி கோடு, போலார்ஸ்னா ரஸ்ட். பாண்டாஸ்ல இடிக்கிறது மெமரி. அதை எழுதின வெஸ் மெக்கின்னியே 2017ல டேட்டா சைஸ் மாதிரி 5லேருந்து 10 மடங்கு ரேம் வேணும்னு எழுதியிருக்கார்.

இன்னொண்ணு, இது யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. 18 இலக்க ஆர்டர் ஐடி இருக்கிற ஃபைல், அதுல ஒரே ஒரு வரில ஐடி காலி. பாண்டாஸ் சத்தமே இல்லாம அந்த ஐடி காலத்தையே முழுசா ஃப்ளோட்டா (தசம எண்ணா) மாத்திடுச்சு. 64 பிட் ஃப்ளோட்ல 9007199254740992 வரைக்கும்தான் எல்லா முழு எண்ணும் அப்படியே நிக்கும், அதைத் தாண்டினா 123456789012345678 போய் 123456789012345680 ஆகி நிக்கும். எர்ரரும் இல்ல வார்னிங்கும் இல்ல, ஐடியை வச்சு இன்னொரு டேபிளோட ஜாயின் போட்டா பாதி வரி காணோம், ரெண்டு நாள் முழிச்சேன். ஐடியை எப்பவும் ஸ்ட்ரிங்கா படிங்க.

ஜாவா, ஸ்கேலா எப்பன்னா, நாள் முழுக்க ஈவண்ட் வந்துட்டே இருக்கிற ஸ்ட்ரீமிங் வேலைன்னா. அதுக்கு எடுக்கிற காஃப்கா, ஃபிளிங்க் எல்லாமே ஜேவிஎம் (ஜாவா, ஸ்கேலா ஓடுற தளம்) பக்கம்தான், வேண்டாத மெமரியைக் காலி பண்ற கார்பேஜ் கலெக்டரை ட்யூன் பண்ற தலைவலியும் கூடவே வரும். ரஸ்ட், எங்க நேரம் போகுதுன்னு காட்டுற புரொஃபைலர் போட்டுப் பார்த்து ஒரு இடம் மட்டும் மாட்டுதுன்னா அந்த இடத்துக்கு மட்டும். டீம்ல ஒருத்தருக்கும் தெரியாதுன்னா அதுவும் வேணாம்.

ஆமா, டேட்டா ஏற்கனவே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல இருக்குன்னா முதல்ல எஸ்க்யூஎல்லயே முடியுமான்னு பாருங்க. மாசவாரி டோட்டல் எடுக்க டேபிளையே பூரா பைத்தானுக்கு இழுத்து அங்க கூட்டுற கோடை ரிவ்யூல பார்த்தேன், நெட்வொர்க்ல 8 ஜிபி. எஸ்க்யூஎல்ல மாசவாரியா குரூப் பை போட்டிருந்தா திரும்பி வந்திருக்க வேண்டியது 12 வரி.