ரோபோ கையுறை: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். பம்ப் காற்றால் விரல்களை மடக்கி விரிக்கும், ஐந்து டியூப் உள்ள காற்றுக் கையுறை வாங்கினோம். கையை நன்றாக மூடுகிறது, ஆனால் பாதிதான் விரிக்கிறது. மெஷின் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. விரல் முதுகில் இருக்கும் பெல்லோஸில் (துருத்திபோல் மடிப்புள்ள குழாய்) காற்றை ஏற்றினால் அது நீண்டு விரலை மடக்கும்; காற்றை உறிஞ்சினால் சுருங்கி நிமிர்த்தும். ஏற்றும் அழுத்தத்தைப் பம்பின் பலத்துக்கு ஏற்பக் கூட்டலாம். உறிஞ்சுவதற்கு எல்லை ஒரு வளிமண்டலம், சுமார் 100 கிலோபாஸ்கல். சின்னப் பம்ப் அதையும் எட்டாது. பக்கவாதக் கை தானாகவே மூடிக்கொள்ளும், அதற்கு விரிக்கத்தான் உதவி வேண்டும். இந்த வகைக் கையுறையோ மூடுவதில் பலசாலி, விரிப்பதில் நோஞ்சான். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஆகவே கையின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கினால் விரல்கள் கொஞ்சம் நெகிழும். கட்டைவிரலை அடிப்பகுதியில் பிடித்து வெளியே எடுங்கள். நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். பிறகு மற்ற நான்கு விரல்கள். விரித்தபடி அரை நிமிடம் பிடித்திருந்து கையுறையை மாட்டி, மணிக்கட்டை மெல்ல நேராக்கி, அது மடங்காமல் தாங்கும் ஸ்ப்ளிண்ட் பட்டை கட்டுங்கள். தசை இறுக்கத்தைத் தெரபிஸ்ட் மதிப்பிடும் ஆஷ்வொர்த் அளவில் (அதிகபட்சம் 4) இறுக்கம் 3 என்றால், டாக்டரிடம் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி பற்றிக் கேளுங்கள். ஊசி போட்டால் ஒரு வாரத்துக்குள் தளர ஆரம்பிக்கும், மூன்று மாதம் வாக்கில் பலன் வடியும். கையுறைப் பயிற்சிக்கு அந்த இடைப்பட்ட காலம்தான் சரி. கழற்றியதும் தோலைப் பாருங்கள்.

கேள்வி: எந்தக் கையுறை நல்லது? உடனே பதில் தேவை.

பதில்: யாருக்கு? எந்தக் கை? பக்கவாதமா, தண்டுவடக் காயமா? எத்தனை மாதம் ஆயிற்று? தொட்டால் தெரிகிறதா? ஒன்றுமே எழுதாமல் செருப்புக் கடையில் கேட்பதுபோல் கேட்டால் எப்படி? விவரத்தோடு எழுதுங்கள்.

கேள்வி: அம்மா சீரியல் பார்க்கும்போது தினமும் இரண்டு மணி நேரம் கையுறையை ஓட விடுகிறோம். மூன்று மாதமாகியும் பலன் இல்லை. நேரத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், டிவியை அணையுங்கள். வரும் கடிதங்களில் பாதி இதே கதைதான். மெஷின் கையை ஆட்டுகிறது, அம்மாவின் மூளை கதாநாயகியின் மாமியாரோடு இருக்கிறது. அப்படி ஆட்டினால் மூட்டுகள் விறைக்காமல் இருக்கும்; அது ஒரு லாபம், மறுக்கவில்லை. ஆனால் கை தானாக வேலை செய்யக் கற்க வேண்டுமானால், அம்மா முயற்சி செய்ய வேண்டும். மெஷின் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

செய்முறை இது. மேசை முன் உட்கார்த்தி, முழங்கை வரை மேசைமேல் தாங்கலாக வையுங்கள். "விரிக்கப் பாருங்கள்" என்று சொல்லி மூன்று எண்ணுங்கள். விரல் அசையாவிட்டாலும் அந்த முயற்சி வேண்டும். அதன் பிறகே பட்டனை அழுத்துங்கள். விரிந்த கைக்குள் காலி டம்ளரை வைத்து மூடச் சொல்லி, ஒரு சாண் தள்ளி வைத்து விடச் சொல்லுங்கள். மறுநாள் சுருட்டிய துண்டு, அதற்கடுத்த நாள் எலுமிச்சம்பழம். நல்ல கையில் சென்சார் கையுறை போட்டு, அது அசைவதைப்போலவே மெஷின் மறு கையையும் அசைக்கும் மிரர் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். அதில் இரண்டு கையையும் சேர்த்து முயலச் சொல்ல வேண்டும், நல்ல கை மட்டும் ஆடினால் போதாது. ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. முகம் சோர்ந்தாலோ, தோள் காதுப் பக்கம் ஏறினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். மெஷினின் உதவியை வாரா வாரம் ஒரு படி குறைத்துப் பாருங்கள். குறைக்கவே முடியாவிட்டால் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த கைக்குப் புண் வந்தாலும் வலி தெரியாது.

கேள்வி: தம்பிக்கு விபத்தில் கழுத்துத் தண்டுவடக் காயம், சி6 (கழுத்தின் ஆறாவது) மட்டம். கையுறை உதவுமா?

பதில்: பார்த்துச் செய்ய வேண்டிய இடம் இது. சி6 காயத்தில் விரல் அசையாது, ஆனால் மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும். டெனோடிசிஸ் பிடி என்பது அதுதான். மடக்கும் தசைநார்கள் கொஞ்சம் குறுகி இருப்பதால்தான் அது நடக்கிறது. மணிக்கட்டு மேலே இருக்கும்போது கையுறை விரல்களை முழுக்க விரித்தால் நார்கள் தளர்ந்து, இருக்கிற பிடியும் போகும். விரிக்கும் பயிற்சி தரும் காற்றுக் கையுறை வேண்டாம். அன்றாட உதவிக்கு என்றால், மோட்டார் கயிறுபோல் இழுத்து விரலை மடக்கும் கேபிள் வகை. அதிலும் சுவீடனின் பயோசர்வோ செய்யும் கார்பன்ஹேண்ட் விரல்நுனி சென்சாரில் அழுத்தம் பட்டால்தான் பலம் சேர்க்கும், அதனால் ஓரளவு பிடி மிச்சம் இருப்பவருக்கே பயன். கொரியாவின் நியோமானோ போல ரிமோட் பட்டனில் வேலை செய்வது தம்பிக்குப் பொருந்தலாம். வாங்கும் முன் தெரபிஸ்ட் கையில் மாட்டிப் பார்க்கட்டும்.

கேள்வி: கல்லூரி புராஜெக்ட். கையுறைக்காக வார்த்த சிலிக்கான் ஆக்சுவேட்டர் (காற்று ஊதினால் வளைந்து விரலை மடக்கும் குழாய்) பிசுபிசுவென்று இருக்கிறது. காய்ந்தது ஊதினால் முறுக்கிக்கொள்கிறது.

பதில்: பிளாட்டினம் வகை சிலிக்கானுக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் உள்ள லேட்டக்ஸ் கையுறையோடு கலந்திருப்பீர்கள், வினைல் போடுங்கள். ரெசின் பிரிண்டரில் எடுத்த அச்சும் இதே தொல்லை தரும். முறுக்குவதற்குக் காரணம், கெவ்லர் நூலை (குழாய் உப்பாமல் தடுக்கும் பலமான நூல்) ஒரே திசையில் சுற்றியது. எதிர்த்திசையிலும் ஒரு சுற்று வேண்டும். நீளாத துணியை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால்தான் வளையும். வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் மேசைமேல் தாங்குமா என்று பார்க்காமல், அழுத்தம் மீறினால் காற்றை வெளியேற்றும் வால்வு வைக்காமல், யார் விரலிலும் மாட்டாதீர்கள். நோயாளி விரலில் அறவே கூடாது.

கேள்வி: ஒரு விரல் மட்டும் மடங்கவில்லை.

பதில்: அந்த டியூபைப் பக்கத்துத் துளையில் மாற்றிச் செருகுங்கள். அப்போது மடங்கினால் பெட்டிக்குள் வால்வு கோளாறு. அப்போதும் மடங்காவிட்டால் டியூபோ பெல்லோஸோ கசிகிறது. சோப்பு நுரை தடவினால் குமிழ் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வியர்வை நாற்றம். வாஷிங் மெஷினில் போடலாமா?

பதில்: கூடாது. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, அதைத் துவையுங்கள்.

கேள்வி: பாட்டியின் கை வீங்கி, சூடாக, தொட்டாலே வலிக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓட்டலாமா?

பதில்: ஓட்டவே கூடாது. இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.