பென் ட்ரைவில் இடமிருந்தும் வீடியோ ஏறவில்லையா?

கேள்வி: அக்காவின் கலியாண வீடியோவை ஸ்டூடியோவில் ஒரே கோப்பாகத் தந்தார்கள், 6.8 ஜிபி. கனடாவுக்குத் திரும்பும் மாமியிடம் கொடுத்துவிட 32 ஜிபி பென் ட்ரைவில் போடப் பார்த்தேன். 20 ஜிபிக்கு மேல் காலி. ஆனாலும் கோப்பு பெரிது, கொப்பி பண்ண முடியாது என்று வருகிறது. ட்ரைவ் பழுது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள் கடையில். வாங்கத்தான் வேண்டுமா? (வாசகர், மானிப்பாய்)

பதில்: வேண்டாம். ட்ரைவில் ஒரு பழுதும் இல்லை. அதில் கோப்புகளுக்குக் கணக்கு வைக்கும் முறைதான் பழையது. உங்கள் ட்ரைவ் அநேகமாக ஃபேட்32 முறையில் இருக்கிறது. 32 ஜிபி வரையுள்ள பென் ட்ரைவுகள் பெரும்பாலும் அப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன.

ட்ரைவின் இடம் முழுவதும் கிளஸ்டர் எனப்படும் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உங்களுடையதில் ஒரு துண்டு பெரும்பாலும் 16 கேபி. ஒரு கேபி கடிதம் ஒன்றைச் சேமித்தாலும் ஒரு முழுத் துண்டு போய்விடும். பெரிய கோப்பு பல துண்டுகளில் கிடக்கும். அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றில்லை. 1200ஆம் துண்டுக்கு அடுத்தது 1201, அதற்கு அடுத்தது 4050 என்று ட்ரைவின் தொடக்கத்திலுள்ள ஓர் அட்டவணை சொல்லும். அந்த அட்டவணையின் பெயரைத்தான் இந்த முறைக்கும் வைத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டில் ஒரு பதிவு உண்டு. பெயர், தேதி, முதல் துண்டின் எண் எல்லாம் அதற்குள்தான். கோப்பின் அளவை எழுத அதில் ஒதுக்கியிருப்பது வெறும் 4 பைட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. 6.8 ஜிபி என்று எழுத அங்கே இடமே இல்லை. ட்ரைவ் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் இதேதான் நடக்கும். ஃபேட்32 வந்த 1996இல் இவ்வளவு பெரிய கோப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

2006இல் வந்த எக்ஸ்ஃபேட் அதே அளவை எழுத 8 பைட் தருகிறது. அதற்கு மாற்றிவிடுங்கள். மாற்றினால் ட்ரைவில் இருப்பதெல்லாம் போய்விடும், ஆகவே முதலில் அவற்றைக் கணினியில் கொப்பி எடுத்து, ஒன்றிரண்டைத் திறந்தும் பாருங்கள். இதைக் கடைக்காரரிடம் விட்டுவிட வேண்டாம். ட்ரைவில் எது முக்கியம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் ட்ரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபோர்மட்டுக்குப் போய், ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்ஃபேட்டைத் தெரிவு செய்து தொடங்குங்கள். மற்றவற்றை அப்படியே விடலாம்.

தவறுதலாக எதையும் கொப்பி எடுக்காமல் ஃபோர்மட் செய்துவிட்டால், அதில் புதிதாக ஒன்றையும் போடாதீர்கள். குயிக் ஃபோர்மட் கணக்கை மட்டும்தான் புதிதாக்கும். துண்டுகளில் இருந்த படங்கள் மேலே வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். மீட்பு மென்பொருள் அவற்றைத்தான் தேடி எடுக்கிறது.

என்டிஎஃப்எஸ் முறையிலும் பெரிய கோப்பு ஏறும். எழுதும்போது கரண்ட் போனால் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும் குறிப்பேடும் அதில் உண்டு. ஆனால் மேக் கணினி அதைப் படிக்கும், சாதாரணமாக எழுதாது. கைமாறிப் போகும் ட்ரைவுக்கு எக்ஸ்ஃபேட்தான் நல்லது. அதில் அந்தக் குறிப்பேடு இல்லை என்பதால், கொப்பி முடிந்ததும் சட்டென்று பிடுங்காமல் இஜெக்ட் கொடுத்தே கழற்றுங்கள்.

மாமி வீட்டு ரீவி பழையதென்றால் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்படியானால் ட்ரைவை ஃபேட்32 ஆகவே வைத்துக்கொண்டு, ஸ்டூடியோவில் வீடியோவை 4 ஜிபிக்குக் குறைந்த இரண்டு பாகமாகத் தரச் சொல்லுங்கள். தாலி கட்டு முடியும் இடத்தில் வெட்டச் சொன்னால் பார்ப்பவர்களுக்கும் தடை தெரியாது.