பழைய மசில் காருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடித்து, கையால் பெயர் எழுத முடியுமா? ஸ்டிக்கர் போதாதா?

முடியும். நான் செய்திருக்கிறேன்.

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவுதான்: அமெரிக்காவில் இருக்கிறீர்கள், 1970களின் தொடக்கத்தில் வந்த மசில் கார் (பெரிய இன்ஜின் வைத்த வேகமான அமெரிக்கக் கார்) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், கேரேஜிலேயே பெயிண்ட் அடிக்கலாமா, பக்கவாட்டில் பெயர் எழுதலாமா, இல்லை ஸ்டிக்கரோடு விட்டுவிடலாமா. நீங்கள் எழுதாத ஒன்றையும் ஊகிக்கிறேன். பெயிண்ட் ஷாப்பில் விலை கேட்டு மலைத்துப் போயிருப்பீர்கள். எனக்குச் சொன்ன விலை 12,000 டாலர். துரு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், அதற்குத் தனி என்றார்கள். நான் காரையே 7,500 டாலருக்குத்தான் வாங்கியிருந்தேன்.

என் வண்டி 1971 பிளிமத் டஸ்டர். இந்தியாவில் ஓடும் ரெனோ டஸ்டர் வேறு, இது வேறு. 318 கன அங்குல இன்ஜின். இதைச் சொன்னதும் "340 இன்ஜின் இருந்தால்தான் மசில் கார், 318 எல்லாம் சாதா வண்டி" என்று ஒருவர் வருவார். அசல் 340 வண்டி என் கையில் கிடைத்திருந்தால் அதன்மேல் பிரஷ்ஷே வைத்திருக்க மாட்டேன். கம்பெனியில் வந்த கோலத்தில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. என்னுடையது அந்தக் காலத்தில் ஆபீஸுக்கும் மளிகைக்கடைக்கும் ஓடிய வண்டி. யாருடைய சரித்திரத்தையும் நான் அழிக்கவில்லை. நீங்களும் முதலில் உங்கள் வண்டி எந்த ரகம் என்று பாருங்கள். பிளிமத், டாட்ஜ் என்றால் பானெட்டைத் திறந்ததும் இடது பக்க உள் தகட்டில் ஒரு சின்ன முத்திரைத் தகடு இருக்கும். பெயிண்ட் கோட் உட்பட அந்த வண்டியின் ஜாதகமே அதில்தான். என் வண்டிக்கு ஈவி2. பிளிமத்தில் அதற்கு டார் ரெட் என்று பெயர், டாட்ஜில் அதே பெயிண்ட்டுக்கு ஹெமி ஆரஞ்ச். செவ்வாழைப் பழத் தோலை வெயிலில் பிடித்தால் வருமே, அதைவிடக் கொஞ்சம் ஆரஞ்சு தூக்கலான சிவப்பு.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், அதனால் உள்ளூர் வண்டிகளின் அடித்தகடு அரித்துப் போயிருக்கும். அதற்குப் பயந்துதான் அரிசோனாவிலிருந்து வாங்கினேன். பெயிண்ட் வெயிலில் வெந்து சுண்ணாம்பாகியிருந்தது, தகடு நன்றாக இருந்தது. பின் சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் யாரோ அரை அங்குலத்துக்குப் பட்டி அப்பியிருந்தார்கள். அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தவர் என்னோடு வேலை பார்ப்பவர். டிங்கரிங் வேலையைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை, அது என் கை வேலை அல்ல.

பெயிண்ட் வேலையில் நேரம் தின்பது ஸ்ப்ரே அல்ல, தேய்ப்பதுதான். எப்பாக்ஸி பிரைமர், பட்டி, மேலே ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கனமான டூ-கே பிரைமர் மூன்று கோட்டிங். அதன்மேல் கறுப்புப் பொடியை லேசாகப் பூசிவிட்டு, நீளமான பலகையில் உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். பள்ளம் இருக்கும் இடத்தில் கறுப்பு போகாமல் நிற்கும். அங்கே விரலால் அழுத்தித் தேய்த்து அதைப் போக்கிவிடத் தோன்றும். தேய்க்காதீர்கள், பள்ளம் அப்படியே இருக்கும். மறுபடி பிரைமர் அடித்து மறுபடி தேய்ப்பது ஒன்றுதான் வழி. 180-இல் ஆரம்பித்து 320, 400, கடைசியில் 600 நம்பர் வாட்டர் பேப்பர். எனக்கு இதற்கே பதினோரு வார இறுதிகள் ஆயின.

மேல் பெயிண்ட்டுக்கு நான் எடுத்தது சிங்கிள் ஸ்டேஜ் யூரிதேன், அதாவது தனியாகக் கிளியர் கோட் தேவைப்படாத ரகம். அந்தக் காலத்தில் பிளிமத், டாட்ஜ் இரண்டையும் தயாரித்த கிரைஸ்லர் கம்பெனி அடித்தது அக்ரிலிக் எனாமல். அதிலும் மேலே கிளியர் கிடையாது. அந்தப் பழைய பளபளப்புக்கு இதுதான் பக்கத்தில் வரும். உங்கள் நிறம் மெட்டாலிக் என்றால் பேஸ் கோட், கிளியர் கோட் என்று பிரித்து அடிப்பதே நல்லது. சிங்கிள் ஸ்டேஜ் மெட்டாலிக்கில் தவறு வந்தால், தேய்த்துப் பாலிஷ் போடும்போது திட்டுத் திட்டாகத் தெரியும்.

இந்த வேலையில் முதலில் பயப்பட வேண்டியது உங்கள் மூச்சுக்குத்தான். இன்றைய பெயிண்ட்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. கெடுதல் செய்யும் அளவு காற்றில் கலந்திருந்தாலும் வாசனையில் தெரியாது. கரி வடிகட்டி போட்ட சாதாரண மாஸ்க் எப்போது தீர்ந்தது என்பதும் அதனாலேயே தெரியாது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும், அது வாழ்நாள் முழுக்க நிற்கலாம். முதல் நாள் பிரைமரை நான் சாதாரண மாஸ்க்கில் அடித்தேன். அன்று இரவும் மறுநாள் இரவும் இருமல் நிற்கவில்லை. என் மனைவி நர்ஸ். அவள் என்னைத் திட்டவில்லை, அடுத்த நாள் காலை ஹார்ட்னர் டப்பாவில் இருந்த எச்சரிக்கையை உட்கார்ந்து முழுதாக வாசித்துக் காட்டினாள். அதற்குப் பிறகுதான், வெளியே வைத்த பம்பிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் தலைக்கவசம் வாங்கினேன். தோலிலும் படக் கூடாது, கையுறையும் முழு உடையும் வேண்டும். "நான் முப்பது வருஷமாக வெறும் மாஸ்க்கில் அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். கேரேஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் சுடரை அணைத்துவிடுங்கள். தின்னர் ஆவி பற்றினால் வீடு மிஞ்சாது.

ஸ்ப்ரே அடித்தது செப்டம்பரில், வெயில் 22 டிகிரி, ஈரப்பதம் குறைவாக இருந்த நாள். தரையைத் தண்ணீர் விட்டு நனைத்து, சுற்றிலும் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, கதவு இடைவெளியில் வீட்டு ஏசி ஃபில்டர்களை அடுக்கினேன். மூன்று கோட்டிங். டோருக்குக் கீழே ஓர் இடத்தில் வழிந்தது, காய்ந்தபின் தேய்த்துச் சரிசெய்தேன்.

இனி எழுத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

டஸ்டர் என்று அந்த வண்டிக்குப் பெயர் வைத்தபோது, கண் வைத்த சின்னப் புழுதிச் சுழல் ஒன்றையும் படமாகப் போட்டார்கள். அதனால் என் வண்டிக்குச் 'சூறாவளி' என்று பெயர் வைத்தேன், தமிழிலேயே. அமெரிக்க வண்டியில் தமிழ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அந்தக் காலத்து டிராக் ரேஸ் (நேர்கோட்டில் ஓடும் குறுகிய தூரப் பந்தயம்) வண்டிகள் பலவும் ஆளுக்கொரு பெயரோடுதான் ஓடின. பில் ஜென்கின்ஸ் என்ற ரேஸ்காரர் தன் செவர்லேக்களில் 'கிரம்பிஸ் டாய்' என்று எழுதியிருந்தார். 'சாக்ஸ் அண்ட் மார்ட்டின்' என்ற ரேஸ் டீமின் பெயரைத் தாங்கிய பிளிமத்துகளை இன்றைக்கும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள். அவரவர் பேசும் மொழியில் எழுதிக்கொண்டார்கள், நானும் அதைத்தான் செய்தேன்.

முதலில் நானும் ஸ்டிக்கர்தான் ஆர்டர் கொடுத்தேன். யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பினேன். வந்ததைப் பார்த்தால் 'சூ' இல்லை, 'ச' தனியாக, அதன் பக்கத்தில் புள்ளி வட்டத்தோடு ஊகாரக் குறி தனியாக. 'ளி'யில் விசிறி எழுத்தைத் தொடாமல் விலகி நிற்கிறது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது வெறும் கோலம், அவர் மென்பொருளுக்கும் தெரியவில்லை. ஆனால் நம் ஆட்களைக் குறை சொல்வேன். இங்கே ஒரு விழாவுக்கு டி-ஷர்ட் அடித்தார்கள், 'தமிழ்' என்ற சொல்லிலேயே மகர இகரம் உடைந்து நின்றது. கொடுத்தவரிடம் சொன்னேன். "யார் சார் பார்க்கப் போறா, விடுங்க" என்றார். முந்நூறு பேர் போட்டுக்கொண்டு குரூப் போட்டோ எடுத்தார்கள். அதே ஆட்கள் பிள்ளைகளை வாரா வாரம் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை எல்லாவற்றிலும் இதே கதைதான். அச்சுக்குப் போகும் முன்னால் ஒரு நிமிஷம் படித்துப் பார்க்க முடியாதா? கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் போகிறேன், தெரிகிறது. ஆனால் கையால் எழுதக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் அந்த உடைந்த ஸ்டிக்கர்தான்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர். அப்போது அவருக்கு வயது 79. இளமையில் டெட்ராய்ட் டிராக்வேயில் ஓடிய வண்டிகளுக்கும் ஏரிப் படகுகளுக்கும் பெயர் எழுதியவர். கையில் நடுக்கம் வந்துவிட்டதால் அவரால் இப்போது எழுத முடியாது. வண்டியில் பிரஷ்ஷை வைக்க விடுவதற்கு முன்னால் என்னை ஒரு மாதம் கண்ணாடிப் பலகையில் கோடு போட வைத்தார். நேர்கோடு, வளைவு, துடைப்பது, மறுபடி நேர்கோடு.

இதற்கென்று குயில் (quill, நம் ஊர்ப் பறவை அல்ல) என்று ஒரு பிரஷ் உண்டு. அணில் முடியில் செய்தது, முடி நீளமாக, நுனி உளி மாதிரித் தட்டையாக இருக்கும். இறகுக் குழாயில் முடியைச் செருகிச் செய்ததால் அந்தப் பெயர். மிச்சிகனிலேயே ஜோன்ஸ்வில் ஊரில் மேக் என்ற பழைய கம்பெனி செய்கிறது. பெயிண்ட்டும் வேறு, எழுத்துக்கென்றே வரும் எண்ணெய் எனாமல், நான் வாங்கியது ஒன் ஷாட். பிரஷ்ஷைத் தோய்த்ததும் நேராக வண்டியில் வைக்கக் கூடாது. வழவழப்பான பத்திரிகைத் தாளில் முன்னும் பின்னும் நீவ வேண்டும். பெயிண்ட் முடி முழுக்கச் சமமாக ஏறி, இழுக்கும்போது லேசாகப் பிடித்து இழுப்பது போல ஒரு கனம் விரலுக்குத் தெரியும். அந்தக் கனம் வந்தால் எழுதலாம்.

அச்சு மாற்றுவது நமக்குத் தெரிந்த வேலை. பெரிய தாளில் வரைந்து, பல்சக்கரத்தால் கோட்டின்மேல் துளையிட்டு, வண்டியில் ஒட்டி, சுண்ணப்பொடி மூட்டையால் தட்டினால் புள்ளி புள்ளியாக விழும். ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்பவர்கள் டிசைனைத் துணிக்கு மாற்றுவதும் இப்படித்தான்.

தமிழுக்குத் தனியாகச் சில சிக்கல்கள் இருந்தன. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போதும். 'சூ' கீழே இறங்குகிறது, 'ளி'யின் விசிறி மேலே ஏறுகிறது. ஒன்றாம் வகுப்பு நோட்டு மாதிரி நான்கு கோடு போட்டேன். அந்தக் கோடுகளை ரசமட்டம் வைத்துப் போடாதீர்கள். இந்த வண்டிகளின் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நிற்கும், மட்டத்துக்கு எழுதினால் எழுத்து சரிவது போலத் தெரியும். தகட்டில் ஓடும் மடிப்புக்கு இணையாகப் போடுங்கள். சாய்வெழுத்தும் வேண்டாம். ஒரு பக்கம் முன்னோக்கிப் பாய்வது போல இருந்தால், மறுபக்கம் அதே சாய்வு பின்னோக்கி விழும்.

வளைவில் பிரஷ்ஷைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உருட்டிக்கொண்டே வர வேண்டும். 'றா'வின் இரண்டு வளைவுகளையும் நான் பதினான்கு முறை எழுதித் துடைத்தேன். ஆமாம், துடைக்கலாம். நன்றாக இறுகிய யூரிதேன் மேல் ஈரமாக இருக்கும் எனாமல், மினரல் ஸ்பிரிட் என்ற தின்னர் நனைத்த துணியில் தடம் தெரியாமல் வந்துவிடும். அதனால்தான் பயப்படாதீர்கள் என்கிறேன். பெயிண்ட் இறுக நான் ஒரு மாதம் காத்திருந்தேன்.

இடது பக்கம் எழுதி முடித்ததும் பெரியவரை அழைத்து வந்தேன். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. இருபது அடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, மூன்றாவது உருவம் மட்டும் பின்னால் சாய்கிறது என்றார். 'வ'. அதன் வலது கோட்டில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். மேல் முனையில் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. அதை மட்டும் துடைத்து மறுபடி எழுதினேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுதி முடிக்கும் வரை பேசாமல் இருந்தார்.

எழுத்தின் மேல் கிளியர் அடித்துவிட வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நல்லவேளையாக ஒரு பழைய பானெட்டில் சோதித்தேன். எனாமல் இரண்டு நாள் காய்ந்திருந்தது, மேலே யூரிதேன் கிளியர் பட்டதும் பாலாடை போலச் சுருங்கிவிட்டது. எனாமலில் அதற்கான ஹார்ட்னர் கலந்தால்தான் தாங்கும், அல்லது எழுத்தையே யூரிதேன் பெயிண்ட்டில் எழுத வேண்டும். நான் கிளியர் இல்லாமலே விட்டுவிட்டேன். மெழுகு மட்டும் போடுகிறேன். விரலை வைத்துத் தடவினால் எழுத்தின் விளிம்பு தட்டுப்படும், எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. கம்பெனியே அந்தக் காலத்தில் பட்டைகளை ஸ்டிக்கராகத்தான் ஒட்டியது. உங்கள் வண்டி அசலாக இருந்து, அசல் பட்டை வேண்டுமென்றால் அதையே வாங்கி ஒட்டுங்கள். சொந்தப் பெயர் என்றால் எழுதுங்கள்.

பிரஷ் வாங்கினால் ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எழுதி முடித்ததும் மினரல் ஸ்பிரிட்டில் நன்றாக அலசி, எண்ணெய் தொட்டு, முடியை இரண்டு விரலால் தட்டையாக நீவிப் படுக்க வைத்துவிடுங்கள். என்னிடம் இருக்கும் ஆறாம் நம்பர் குயில் பெரியவர் கொடுத்தது, அவர் 1974-இல் வாங்கியதாம். முடி இன்னும் வளையவில்லை.