பதினொன்றில் எந்த குரூப்? மதுரைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

மேலூர், ஓர் அம்மா: மகனுக்குப் பத்தாவதில் கணக்கு 58, அறிவியல் 84. டாக்டர் ஆசை. கணக்கும் உயிரியலும் சேர்ந்த பயோ மேக்ஸ் குரூப் எடுத்தால் டாக்டர், இன்ஜினியர் ரெண்டு பக்கமும் போகலாம் என்கிறார்கள். சேர்க்கலாமா சார்?

போகலாம்தான் அம்மா. ஆனால் சேர்க்கும் முன் அந்த 58 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பத்தாவது வினாத்தாளில் வடிவியல் வரைதலும் வரைபடமும் மட்டுமே 16 மதிப்பெண். அதை வாங்கிவிட்டு இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் விட்டிருந்தால், பதினொன்றாம் வகுப்புக் கணக்கு முதல் மாதமே திணறடிக்கும். அந்தத் திணறல் உயிரியல் படிக்கும் நேரத்தையும் தின்றுவிடும். நீட் தேர்வுக்குக் கணக்குப் பாடம் வேண்டாம். 720இல் உயிரியலுக்கே 360. அவனுக்குத் தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப் போதும் என்பதே என் எண்ணம். பி.இ., பி.ஆர்க். கிடைக்காது; ஆனால் கால்நடை மருத்துவம், நர்சிங், ஒத்தக்கடை வேளாண் கல்லூரியின் பி.எஸ்சி. வேளாண்மை எல்லாம் இருக்கின்றன. ஒன்று மட்டும்: நீட் இயற்பியலில் 180 மதிப்பெண்ணுக்குக் கணக்குப் போட்டே ஆகவேண்டும். எந்த குரூப் எடுத்தாலும் இந்த விடுமுறையில் இயற்கணிதத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

திருமங்கலம், மாணவி: பி.இ. கட்-ஆஃப் எப்படிப் போடுவது?

கணக்கு அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி, மொத்தம் 200. கணக்கு 84, இயற்பியல் 78, வேதியியல் 82 என்றால் 84+39+41=164. கணக்கில் விடும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் விடும் இரண்டுக்குச் சமம் பாப்பா.

விளாங்குடி, மாணவர்: சி.ஏ. படிக்க எந்த காமர்ஸ்?

வணிகக் கணிதம் உள்ளது, தம்பி. சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் நூறு மதிப்பெண் வீதம் நான்கு தாள். ஒன்று முழுக்கக் கணிதம், புள்ளியியல், தர்க்கம். தாளுக்கு 40, மொத்தம் 200 எடுக்க வேண்டும். மற்ற மூன்றிலும் நன்றாக எழுதி, இந்தத் தாளில் 38 எடுத்தாலும் தேர்ச்சி இல்லை.

உசிலம்பட்டி, ஒரு அப்பா: மகள் ஆறாவதிலிருந்து அரசு நடத்தும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படிக்கிறாள். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்க நினைக்கிறேன்.

அவசரப்படாதீர்கள் ஐயா. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றில் 7.5% உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் அதில் சேர்த்தி. அரசு உதவிபெறும் பள்ளி சேராது. கடைசி இரண்டு வருடம் மாற்றினால் முந்தைய ஐந்து வருடமும் கணக்கில் வராது. அதே பள்ளியில் அவள் கேட்கும் குரூப் இல்லையென்றால், அது இருக்கிற இன்னொரு அரசுப் பள்ளிக்கு டி.சி. வாங்குங்கள்.