நடந்ததையே நினைத்து உழலும் மனம்: கேள்வி பதில்

நான் மருத்துவ உளவியலாளர். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் படிப்பவர்கள் அல்லது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நடந்ததையே மனத்துக்குள் அசைபோடுவது பற்றிக் கேளுங்கள். மாத்திரை எழுதுவது என் வேலை அல்ல.

கோவை, முதுகலை மாணவி: செமினாரில் கேட்ட ஒரு கேள்விக்குத் திணறிவிட்டேன், மேடம். வாரக்கணக்காக அதே காட்சி ஓடுகிறது. அலசிப் பார்த்தால்தானே அடுத்த முறை தவறாது?

அலசினால் நல்லதுதான் அம்மா. ஆனால் நீங்கள் அலசவில்லை. ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு முடிவான விடை கிடையாது. அதனால்தான் அது ஓய்வதில்லை.

சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்க உளவியலாளர் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும், சோர்வு வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுப் பதிவுசெய்திருந்தார். சில நாட்களில், 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியை உலுக்கிய லோமா பிரியெட்டா நிலநடுக்கம் வந்தது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களிடம் மீண்டும் கேட்டார்கள். அசைபோடும் வழக்கம் முன்பே இருந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. முன்பு அவர்கள் எவ்வளவு சோர்ந்திருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. 2003இல் அவரும் சக ஆய்வாளர்களும் இந்தப் பழக்கத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, தன்னையே நொந்துகொண்டு உழல்வது. மற்றொன்று, தீர்வு தேடி நிதானமாகச் சிந்திப்பது. கூடுதல் கெடுதல் செய்வது முதலாவது.

பிரிட்டன் உளவியலாளர் எட்வர்ட் வாட்கின்ஸ் உருவாக்கிய சிகிச்சை இந்த இடத்தில்தான் கை வைக்கிறது: ‘ஏன்’ என்பதை ‘எப்படி’ ஆக்குவது. எந்தக் கேள்வியில் நின்றீர்கள்? எந்தப் பகுதியைப் படிக்காமல் விட்டீர்கள்? விடை தெரியாதபோது ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒரே தாளில் எழுதுங்கள். எழுதி முடித்தால் அலசலும் முடிந்தது.

திருச்சி, வயது 23: எம்.ஆர்.ஐ. எடுத்தால் இது தெரியுமா?

தெரியாது. ஆய்வுகளில் வரும் வண்ணப் படங்கள் பலரின் சராசரி. அதை வைத்துத் தனி ஒருவருக்கு மனச்சோர்வு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. கட்டி போன்ற வேறு கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மருத்துவரே எடுக்கச் சொல்வார். பணத்தைக் கரைக்காதீர்கள்.

மதுரை: இரவு இரண்டு மணிக்குத்தான் எல்லாம் நினைவுக்கு வருகிறது.

எழுந்துவிடுங்கள். படுக்கையில் கிடந்து யோசிக்காதீர்கள். மாலையில் அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் எழும் கவலையை அந்த நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். 1980களிலேயே உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் சோதித்துப் பார்த்த முறை இது.

சேலம்: மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தால்?

திருச்சிக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நரம்பியல் ஆய்வு மாணவர்: நீங்கள் மூளை ஆய்வுகளை அலட்சியப்படுத்துகிறீர்கள். சும்மா இருக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளின் வலைப்பின்னல் மனச்சோர்வு உள்ளவர்களிடம் மிகையாக இணைந்திருக்கிறது என்பது நிறுவப்பட்ட உண்மை.

நிறுவப்பட்டதா? நரம்பியலாளர் மார்கஸ் ரெய்க்லியின் குழு 2001இல் அந்த வலைப்பின்னலைப் பற்றி எழுதியதும், நெற்றிக்குப் பின்னே ஆழத்தில் உள்ள ஒரு பகுதியோடு அது கூடுதலாக இணைவதைப் பல ஆய்வுகள் கண்டதும் உண்மைதான். ஆனால் சீனாவின் 25 ஆய்வுக் குழுக்கள் 1300 நோயாளிகளின் தரவைச் சேர்த்து 2019இல் வெளியிட்ட முடிவு எதிர்த்திசையில் இருந்தது. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் அந்த வலைப்பின்னலுக்குள் இணைப்பு குறைவாக இருந்தது. அந்தக் குறைவுக்கு மருந்தோடும் தொடர்பு தெரிந்தது.

அதே மாணவர்: 2015இல் ஸ்டான்ஃபோர்டில் தொண்ணூறு நிமிடம் இயற்கைச் சூழலில் நடந்தவர்களிடம் அசைபோடுதலும் குறைந்தது, நீங்கள் சொன்ன அதே பகுதியின் இயக்கமும் குறைந்ததே! பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களிடம் அது குறையவில்லை.

அழகான ஆய்வு. 38 பேர், ஒரே ஒரு நடை. மறு வாரமும் அந்தப் பலன் நீடித்ததா என்று அது கேட்கவில்லை. நடக்கச் சொல்லி நானும்தான் அனுப்புகிறேன். மூளைப் படத்துக்காக அல்ல. நேற்றுச் சாப்பிட்டதை நினைத்தாலும், நாளைய பயணத்தைத் திட்டமிட்டாலும், அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகித்தாலும் அந்த வலைப்பின்னல் இயங்கும். அது இயங்கினால் இவர் உழல்கிறார் என்று எப்படித் தம்பி சொல்வீர்கள்?

தியானம் பயிலும் ஒருவர்: தியானம் அந்த வலைப்பின்னலை அணைத்துவிடும். வாதம் எதற்கு?

அணைக்காது. நீண்ட காலம் பயின்றவர்களிடம் அதன் முக்கியப் பகுதிகளின் இயக்கம் குறைவாக இருந்ததாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது, அவ்வளவே. கண்ணை மூடினால் உழல்வது கூடுகிறவர்களை என் அறையில் பார்க்கிறேன். அவர்கள் தனியாகத் தொடங்க வேண்டாம்.

அதே மாணவர்: அப்படியானால் மூளை ஆய்வே…

நிறுத்துங்கள். கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், அவருக்குத்தான் முதலில்.

பெயர் வேண்டாம்: இப்படி யோசித்து யோசித்து, வாழ்ந்து என்ன பயன் என்றும் தோன்றுகிறது.

எழுதியது நல்லது. இப்போதே 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டிலோ விடுதியிலோ ஒருவரை அருகில் உட்காரச் சொல்லுங்கள். ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் தாமதிக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எனக்குத் தனியாகவும் எழுதுங்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மாணவருக்கு: மூளை ஆய்வு வேண்டும். தனிமனிதருக்குத் தீர்ப்பு எழுத அது இன்னும் போதாது என்பதே என் வாதம். மற்றதை வேறொரு நாள் பேசலாம்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: தினமும் தோழியிடம் இரண்டு மணி நேரம் கொட்டிவிடுகிறேன். நல்லதுதானே?

பாதி நல்லது. இருவரும் அதே குறையையே திருப்பித் திருப்பிப் பேசினால் நட்பு நெருங்கும், சோர்வும் கூடும். உளவியலாளர் ஆமண்டா ரோஸ் 2002இல் பள்ளி வயதினரிடம் கண்டது இது. ‘நாளை என்ன செய்யலாம்?’ என்று கேட்கும் தோழியாக அவரை மாற்றுங்கள்.

ஈரோடு: மாத்திரையை நிறுத்திவிட்டு நடைப்பயிற்சி மட்டும் செய்யலாமா?

கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

நெல்லை: ஸ்கேன்…

வேண்டாம்.

ஒரு தந்தை, விழுப்புரம்: மகன் வேலை தேடுகிறான், அறையைவிட்டு வருவதில்லை. ‘யோசிக்காதே’ என்று தினமும் சொல்கிறோம்.

அதை மட்டும் சொல்லாதீர்கள், ஐயா. வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் மாணவர்களிடம் சொன்னார். கரடிதான் திரும்பத் திரும்ப வந்தது. கடைக்குப் போகும்போது மகனைக் கூட்டிப் போங்கள். வேலை பற்றி அப்போது பேச வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். உள்ளே அவனைத் தனியாகப் பேச விடுங்கள்.