சொட்டும் ஷவர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போர்வெல் உப்புத் தண்ணீரில் குளிக்கிற ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சொட்டுவது மேலே ஷவர் தலையில் என்றாலும், கோளாறு பெரும்பாலும் கீழே நீங்கள் திருகுகிற வால்வில்தான் இருக்கும். அதனால் புது ஷவர் தலைக்குக் காசு போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

காரைக்குடி வாசகர்: குழாயை மூடிய பிறகும் பத்து நிமிடம் சொட்டிவிட்டு அப்புறம் நிற்கிறது. வாஷர் போய்விட்டதா?

இல்லை. ஷவர் தலைக்குள்ளும் வளைகுழாயிலும் தேங்கிய தண்ணீர் வடிகிறது, அவ்வளவுதான். தலை அகலமாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் வடியும். அரை மணி நேரம் கழித்துத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மறுபடியும் துளி திரண்டால்தான் வால்வு கசிகிறது என்று பொருள். அப்போது அடியில் ஒரு டம்ளரை வையுங்கள். பத்து நிமிடத்தில் 100 மில்லி சேர்ந்தால், ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் வீணாகிறது.

பள்ளத்தூர் வாசகர்: வாஷர் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் சொட்டுகிறது. இறுக்கித் திருகினால் நிற்கிறது.

முதலில், இறுக்குவதை நிறுத்துங்கள். இறுக்க இறுக்க ரப்பர் இன்னும் நசுங்கும்.

மேல்தொட்டி வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் அன்றைய வேலை கெட்டது. கைப்பிடியைக் கழற்றி, ஸ்பானரால் ஸ்பிண்டிலை, அதாவது நுனியில் வாஷர் மாட்டிய தண்டை, வெளியே எடுங்கள். வாஷரின் முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாகப் பள்ளம் விழுந்திருப்பது வழக்கம். அந்த வட்டம் ஓர் இடத்தில் வெட்டுப்பட்டது போல இருந்தால், குற்றம் வாஷரில் இல்லை. அது உட்காரும் பித்தளைச் சீட்டில் இருக்கிறது. விரலை உள்ளே விட்டு விளிம்பைத் தடவுங்கள். சொரசொரப்பு தட்டும். அந்தச் சீட்டைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் எத்தனை வாஷர் போட்டாலும் அறுந்துகொண்டேதான் இருக்கும். சீட்டில் பள்ளம் ஆழமாக இருந்தால் குழாயையே மாற்றிவிடுவது நல்லது.

கால் சுற்றில் மூடுகிற குழாய் என்றால் உள்ளே செராமிக் தட்டுகள் இருக்கும். அதில் மணல் சிக்கியிருந்தால் கழுவினால் போதும். தட்டில் கீறல் விழுந்திருந்தால் ஸ்பிண்டிலோடு மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். நீளமும் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

தேவகோட்டை வாசகர்: சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டுக்கும் ஒரே ஷவர். எந்தப் பக்கம் கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கீசருக்குப் போகும் வால்வை மட்டும் மூடிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். சொட்டு நின்றால் சுடுதண்ணீர்ப் பக்கம், நிற்காவிட்டால் மற்றது.

கானாடுகாத்தான் ஆச்சி: ஷவர் துளையெல்லாம் உப்பு அடைத்து, தண்ணீர் கோணலாகப் பீய்ச்சுகிறது, மூடினாலும் வடிகிறது. வினிகர் ஊற்றலாமா தம்பி?

ஊற்றலாம் ஆச்சி. ஆனால் ஷவரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் ஊற்றுங்கள். பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்த பிளாஸ்டிக் வாளியில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது திருகில் டெஃப்லான் டேப் சுற்ற மறக்காதீர்கள்.

நான் வெளியே என்று சொல்வதற்குக் காரணம் உங்கள் தரை. செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை, சிமெண்டில் செய்தது. புளிப்பு பட்டால் மேலே உள்ள பளபளப்பும் நிறமும் அரித்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும் அதே கதிதான். கழிப்பறை ஆசிட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாட்டன் காலத்துத் தரையில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தால், அதே நிறத்தில் மாற்றுக் கல் தேடுவது பெரும் பாடு.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: ஊர் வீட்டைக் கல்யாணத்துக்காக ஒரு வருடம் கழித்துத் திறந்தோம். இரண்டாங்கட்டில் (முற்றத்தைச் சுற்றிய இரண்டாவது பகுதியில்) இருக்கிற ஷவர் எல்லாமே சொட்டுகிறது.

பூட்டிக் கிடந்த வீட்டில் ரப்பர் காய்ந்து விறைத்துப்போகும். அதோடு தொட்டியில் படிந்த மணலும் துருவும் முதல் தண்ணீரோடு வந்து வால்வுக்குள் உட்கார்ந்திருக்கும். தொட்டியைக் கழுவுங்கள். ஷவர் தலைகளைக் கழற்றிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை குழாயைத் திறந்துவிடுங்கள். பாதி சொட்டு அதிலேயே நின்றுவிடும். மீதிக்கு வாஷர் மாற்றுங்கள். அடுத்த முறை பூட்டும்போது மேல்தொட்டி வால்வை மூடிவிட்டுப் போங்கள். யாரும் இல்லாத வீட்டில் சுவருக்குள் போகிற குழாய் கசிந்தால், சுண்ணாம்புப் பூச்சு உப்பி உதிர்ந்த பிறகுதான் தெரியவரும்.