மணல் எங்கே படிந்தது? எண்ணெய், எரிவாயு பற்றிய கேள்வி பதில்

சுதர்சன், கொட்டாஞ்சேனை: மணற்கல் இருந்தால் எண்ணெய் தேங்கும்தானே ஐயா?

போதாது. துளைகள் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும், எண்ணெயை மேலே தப்பவிடாத மூடுபாறையும் வேண்டும். அலை அலசிய கரைமணலிலும் காற்று குவித்த குன்றிலும் மணிகள் ஏறக்குறைய ஒரே பருமன். படியும்போது துளைவெளி 40 சதவீதமளவில் இருக்கும். பல கிளையாகப் பின்னி ஓடும் ஆற்றில் மணல் தாராளம், மூடுவதற்குக் களிதான் குறைவு. மணலைக் கண்டதும் மூடியைத் தேடுங்கள்.

நிரோஷினி, வெள்ளவத்தை: மன்னார்ப் படுகையில் 2011இல் டொராடோ கிணற்றில் வாயு கிடைத்தது. அதே ஆண்டு தோண்டிய டொராடோ வடக்கு வறண்டது. ஏன்?

டொராடோவில் வாயு இருந்தது 3,044 மீற்றருக்கும் 3,069 மீற்றருக்கும் இடைப்பட்ட மணற்கல்லில். பொதுவாக ஆழ்கடலில் மணலை, கடலடிச் சரிவில் மண்ணைச் சுமந்து பாயும் கலங்கல் நீரோட்டங்கள் வாய்க்கால்களிலும் விசிறி வடிவப் படிவுகளிலும் போடுகின்றன. வாய்க்காலைத் தாண்டினால் வெறும் களிதான். ஆனாலும் வறண்ட கிணற்றுக்கெல்லாம் மணலைக் குற்றம் சொல்ல வேண்டாம். மூடி கசிந்திருக்கலாம், வாயு அந்தப் பக்கம் நகராமலே இருந்திருக்கலாம். நல்ல மணலில் நீர் மட்டும் நிறைந்திருந்தால், மணல் எங்கே படிந்தது என்ற சூழல் கணிப்பு சரி, பிழை வேறிடத்தில்.

ரமணன், தெஹிவளை: காமா கதிர் வரைவைப் பார்த்தே மணல் படிந்த சூழலைச் சொல்லலாமா?

தொடக்கத்துக்கு உதவும். கிணற்றுப் பாறைகளின் இயற்கைக் கதிர்வீச்சை ஆழவாரியாக அளந்து வரைவதுதான் இது. களியில் அளவீடு கூடும், மணலில் குறையும். கழிமுகத் திட்டில் மேலே போகப்போக மணி பருக்கும். வரைவு புனல் வடிவம். வளைந்தோடும் ஆற்றின் திட்டில் மேலே போகப்போக மணி நுணுகும். வரைவு கோயில்மணி வடிவம். ஆனால் ஆழ்கடல் வாய்க்காலும் கோயில்மணி வடிவம் தரும். பொற்றாசியம் மிகுந்த பெல்ஸ்பாரோ மைக்காவோ கலந்த மணல், களிபோல அளவீடு காட்டி ஏமாற்றும். அடர்த்தி, நியூத்திரன் வரைவுகளோடும் கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த கருக்கல்லோடும் ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இந்த வேறுபாடு உற்பத்தியில் காசாகத் தெரியும். புனல் வகையில் மேற்பகுதிதான் எளிதில் ஊடுபுகவிடும். எண்ணெயைத் தள்ளுவதற்காகக் கிணற்றில் செலுத்தும் நீரோ தன் பாரத்தால் கீழிறங்கும். இரண்டும் சேர்ந்து எண்ணெயை ஓரளவு சீராகத் தள்ளும். கோயில்மணி வகையில் பருமணல் அடியில் இருப்பதால் நீர் அடியோடு ஓடி உற்பத்திக் கிணற்றுக்குச் சீக்கிரம் வந்துவிடும்; மேலே எண்ணெய் மிஞ்சும்.

பாத்திமா, மருதானை: ஆய்வுகூடத்தில் நன்றாக ஊடுபுகவிட்ட கல், கிணற்றில் ஏன் மோசமாக நடக்கிறது?

துளைகளுக்குள் வளரும் இலைற்று என்ற இழைபோன்ற களிக் கனிமத்தைச் சந்தேகியுங்கள். வட கடலின் ரொட்லீகெண்ட் பாலைவன மணற்கல்லில் இது நன்கு அறியப்பட்ட தொல்லை. துளைவெளி பெரிதாகக் குறையாது, வழிகள் மட்டும் அடைபடும். கருக்கல்லைக் காற்றில் உலர்த்தினால் இழைகள் மணிமேல் படிந்து, ஊடுபுகவிடும் அளவு பல மடங்கு கூடுதலாகக் காட்டும். உப்புநீரில் ஈரம் போகாமல் வைத்து அளவிடச் சொல்லுங்கள்.